ஆறு நிமிடம் கொடுக்க முடியாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். இல்லாதவர்கள் சேமித்து வைத்து, நோன்பு தொடங்குவதற்கு முன் வாசியுங்கள்.

கொழும்பில் 2025 பெப்ரவரி முழுக்க இல்ல விளையாட்டுப் போட்டிகள். மார்ச் ஆரம்பத்தில் நோன்பு என்பதால் முஸ்லிம் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகள் எல்லாம் பெப்ரவரிக்குள் முடித்துவிட ஓடின. எந்தப் பாடசாலையின் படங்களைப் பார்த்தாலும் முதலாவது படம் ஒன்றுதான். மாலை போட்ட பிரதம அதிதி நடந்து வருகிறார், அவருக்கு முன்னால் பேண்ட் குழு. அதிதியின் முகம் தெளிவாக இருக்கும். பிள்ளைகளின் தொப்பியும் தோளும் படத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டிருக்கும்.

அந்தப் பிள்ளைகள் யாருக்காக அடிக்கிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தமிழ் மொழிப் பாடசாலை. பெயர் வேண்டாம். பெயர் சொன்னால் விஷயம் அந்த ஒரு பாடசாலையோடு முடிந்துவிடும். உண்மையில் கொழும்பில் பத்துப் பாடசாலைகளில் இதே கதையைக் கேட்கலாம். அங்கே பேண்டில் சைட் ட்ரம் அணிக்குத் தலைவனாக இருந்த பிள்ளைக்கு இது கடைசி விளையாட்டுப் போட்டி. தரம் 13. இந்த வருடக் கடைசியில் உயர்தரப் பரீட்சை. 2017இல் ஆறாம் தரத்தில் குச்சி பிடித்தவன். எட்டு வருடம்.

அந்த எட்டு வருடம் எப்படிப்பட்ட எட்டு வருடம் என்று நினைத்துப் பாருங்கள். எட்டாம் தரத்தில் இருக்கும்போது ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் அவன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஒன்பதாம் தரத்தில் கொரோனா, பேண்ட் அறை பூட்டு. பதினோராம் தரத்தில் பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, பாடசாலை வாரத்தில் சில நாட்கள்தான். ட்ரம் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லாத காலத்தில் பழைய டயர் துண்டில் அடித்துப் பழகியவன். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எதையுமே இடைவெளி இல்லாமல் கற்றதில்லை. அப்படியிருந்தும் ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான் என்றால், அதைப் பாராட்டத் தெரியாத நாங்கள் என்ன ஆசிரியர்கள்?

அவன் இந்த வருடப் போட்டிக்கென்று ஆறு நிமிட ட்ரம் காட்சி ஒன்று அமைத்திருந்தான். அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்தான். ஸ்டாஃப் நொட்டேஷன் எழுத அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எங்களிடம் மேற்கத்திய சங்கீத ஆசிரியரே இல்லை. அதனால் வலதுகைக்கு 'வ', இடதுகைக்கு 'இ'. வ-இ-வ-வ, இ-வ-இ-இ என்று பக்கம் பக்கமாக. ட்ரம் படித்தவர்கள் இதைப் பரடிடில் என்பார்கள். அவன் அந்தப் பெயர் தெரியும் முன்பே அதை அடித்தான்.

அந்த ஆறு நிமிடத்தில் என்ன இருந்தது? முதலில் வழமையான மார்ச். பிறகு ஆடிவேல் ஊர்வலத்தில் செட்டியார் தெருவில் கேட்கிற தவில் நடையை சைட் ட்ரமுக்கு மாற்றியது. பிறகு ஜூன் 13 அந்தோனியார் திருநாளில் தெருவில் போகிற பேண்டின் அடி. நடுவில் எல்லாரும் நிற்க ஒருவன் மட்டும், நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப பாவாமார் றபான் தட்டுகிற அடி. கடைசியில் பெரிய மெட்ச் பபரே. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளையின் காதில் என்னென்ன விழுந்ததோ எல்லாம் அதில் இருந்தது. எங்கள் 'நல்லிணக்க' செயலமர்வுகளில் மூன்று மணித்தியாலம் பவர்பொயிண்ட் போட்டும் சொல்ல முடியாத விஷயம். அவன் அதை அப்படி நினைத்துச் செய்யவுமில்லை. நல்லாயிருக்கும் என்று செய்தான்.

போட்டியன்று பிள்ளைகள் ஒன்றரை மணிக்கு அணிவகுத்தார்கள். அதிதி இரண்டு மணிக்கு வரவேண்டியவர், மூன்றே முக்காலுக்கு வந்தார். அதுவரைக்கும் தடித்த சீருடை, தொப்பி, கையுறை, தோளில் ட்ரம். பேஸ் ட்ரம் பிள்ளை இரண்டு தடவை இறக்கி வைத்ததற்கு ஏச்சு வாங்கினான். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஒரு மாணவன் உயிரிழந்தான். நாடே பேசியது, வெயிலைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, ஆயத்தத்தைப் பற்றி. அதற்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஓடுகிற பிள்ளையைப் பற்றித்தான் பேசினோம் போலிருக்கிறது. நிற்கிற பிள்ளை எங்கள் கணக்கில் இல்லை.

அதிதி வந்தார். பேண்ட் வாசலிலிருந்து மேடை வரை அழைத்து வந்தது. நான்கு நிமிடமும் இல்லை. பிறகு அணிநடை. பிறகு கொடி, கீதம், வரவேற்புரை, அதிதி உரை, இன்னொரு அதிதி உரை. மைதானம் வாடகை மைதானம், ஐந்தரைக்கு விட்டுக் கொடுக்க வேண்டும். அப்போது நிகழ்ச்சி நிரலில் ஒரு பேனை கோடு இழுத்தது. வெட்டப்பட்டது ட்ரம் காட்சி. "நேரமில்லை, பேண்ட் பிள்ளைகள் ஏற்கனவே அடித்துவிட்டார்கள்தானே" என்பது விளக்கம்.

அவ்வளவுதான். எட்டு வருடத்தின் கடைசி நிகழ்ச்சி, ஒரு அரசியல்வாதியின் செருப்புக்கு முன்னால் நாற்பது யார் நடந்தது. அவனுடைய உம்மா பிளாஸ்டிக் கதிரையில் கடைசி வரை உட்கார்ந்திருந்தார். வாப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர், அரைநாள் கூலியை விட்டு வந்திருந்தார். "சேர், மகன்ட ஐட்டம் எப்ப?" என்று இரண்டு தரம் கேட்டார்.

சரி, இனி வாதத்துக்கு வருவோம். அடுத்த நாள் ஆசிரியர் அறையிலும், பிறகு பழைய மாணவர்கள், நலன்விரும்பிகள் மத்தியிலும் நாங்கள் இதைக் கேட்டபோது வந்த பதில்கள் இரண்டு வகை.

முதலாவது பதில்: "ஏ.எல் பிள்ளை. அவனுக்கு ட்ரம் எதற்கு? இதோடு விட்டது நல்லதுதான்." இதைச் சொன்னவர்களில் எங்களோடு கல்வியியற் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் உண்டு. ஹவார்ட் கார்ட்னரின் பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டை நாங்கள் எல்லாரும் மனப்பாடம் செய்துதான் பரீட்சை எழுதினோம். 1983, இசைசார் நுண்ணறிவு, உடல் இயக்கசார் நுண்ணறிவு, எல்லாம் எழுதி முழுப் புள்ளி வாங்கினோம். இப்போதும் பாடத்திட்டக் குறிப்பில் அந்தச் சொற்களைப் போடுகிறோம். பிறகு எழும்பிப் போய் பேண்ட் அறையைப் பூட்டுகிறோம்.

இசட் புள்ளிக்கு ட்ரம் சேராது, தெரியும். ஆனால் பிள்ளையை விளையாட்டுப் போட்டியன்று ஒன்றரையிலிருந்து நிற்க வைக்கும்போது இசட் புள்ளி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வாசலில் நிற்பதற்கு அவன் பேண்ட் தலைவன், ஆறு நிமிடம் தன் சொந்த வேலையைக் காட்டுவதற்கு மட்டும் அவன் ஏ.எல் பிள்ளையா? அதற்கும் மேலே, வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணித்தியாலம் ட்ரம் அடித்ததால் பரீட்சை கெட்டுப்போன பிள்ளை யார், காட்டுங்கள். வெள்ளவத்தை வீதிகளில் காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை ரியூசன் வகுப்புகளுக்கு ஏறி இறங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், வகுப்பில் எங்கள் முன்னால் தூங்குகிற பிள்ளைகள் எத்தனை பேரையும் நாங்கள் காட்டுவோம். அதை யாரும் "இதோடு விட்டது நல்லது" என்று சொல்வதில்லை.

கிரிக்கெட் பிள்ளையும் ஏ.எல் பிள்ளைதான். அவனுக்குக் கடைசி பெரிய மெட்ச் இருக்கிறது. நகரமே போய்ப் பார்க்கிறது. வர்ண விருது இருக்கிறது. கொழும்பின் சில பெரிய பாடசாலைகள் பேண்டுக்கும் வர்ணம் கொடுக்கின்றன, அது நல்ல விஷயம். அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தின் கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று, அந்த வருடம் விலகிப் போகிற பேண்ட் பிள்ளைகளைப் பெற்றோரோடு மைதானத்துக்கு அழைத்து, ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் சொல்வார்கள். காசு செலவில்லை. அதிதி தேவையில்லை. ஒரு மைக்கும் ஒரு பெயர்ப் பட்டியலும் போதும். எங்களிடம் இரண்டும் இருந்தன. அந்த மைக்கில் அன்றைக்கு கதிரை அனுசரணையாளரின் பெயர் ஏழு தடவை சொல்லப்பட்டது. எண்ணினோம்.

இரண்டாவது பதில் எங்கள் சமூகத்திலிருந்து வந்தது. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். எழுதத்தான் வேண்டும். "முஸ்லிம் பிள்ளை, மேளம் அடிப்பது ஹராம், நின்றுபோனது அல்லாஹ்வின் நாட்டம்" என்றார்கள்.

நாங்கள் முஃப்திமார் இல்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல வரவுமில்லை. இந்த விஷயத்தில் கருத்து வேறுபாடு இருக்கிறது, ஆயிரம் வருடமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம். இசைக் கருவிகளைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியில் உண்டு. பெரும்பான்மை இமாம்கள் அதை ஏற்றார்கள், இப்னு ஹஸ்ம் அதன் அறிவிப்புத் தொடரைக் கேள்வி கேட்டார். ஒரு பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரண்டு சிறுமிகள் தஃப் அடித்துப் பாடியதும், அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியதும், பெருநாள்தானே விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் இதற்கென்று ஒரு தனிப் பகுதியே எழுதி எது கூடும், எது கூடாது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார். தன் பிள்ளை பேண்டில் சேரக்கூடாது என்று ஆறாம் தரத்திலேயே நம்பிக்கையோடு சொல்கிற பெற்றோரை நாங்கள் மதிக்கிறோம். அந்தப் பிள்ளையை ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை.

எங்கள் கோபம் வேறு ஆட்கள் மேல். அன்றைக்கு அதே மேடையில் முன்வரிசையில் இருந்து, அதே பிள்ளை அதே ட்ரமை அடித்துத் தங்களை அழைத்து வந்தபோது சிரித்துக்கொண்டு நடந்தவர்கள் இவர்கள். படத்துக்கு நின்றார்கள். அப்போது ஹராம் ஞாபகம் வரவில்லை. வாசலில் ஹலால், மைதானத்தின் நடுவில் ஹராமா? உங்களை வரவேற்றால் ஒழுக்கம், தன் திறமையைக் காட்டினால் ஷைத்தானா? மார்க்கத்தின் பெயரால் பேசுவதென்றால் முதலில் அந்த வாசலில் வைத்துப் பேசியிருக்க வேண்டும். "எனக்கு மேளம் வேண்டாம், பிள்ளைகளை நிழலுக்கு அனுப்புங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் கையை முத்தமிட்டிருப்போம்.

இன்னொன்றும் சொன்னார்கள், "இது வெள்ளைக்காரன் சாமான், நமக்கு என்ன சம்பந்தம்" என்று. இதற்குக் கொஞ்சம் வரலாறு சொல்லியே ஆக வேண்டும், ஆசிரியர் புத்தி. ஐரோப்பியப் படை பேண்டுகளில் பேஸ் ட்ரமும் சிம்பலும் எங்கிருந்து வந்தன? உஸ்மானியப் படைகளோடு போன மெஹ்தர் வாத்தியக் குழுவைக் கேட்டுத்தான் 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் இவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே துருக்கி இசை. இன்றைக்கு உலகம் முழுக்க விற்கும் ஸில்ஜியன் சிம்பல், 1623இல் கொன்ஸ்தாந்திநோபிளில் சுல்தானின் நகரத்தில் ஓர் ஆர்மேனியக் குடும்பம் தொடங்கிய தொழில். (எங்கள் பாடசாலையில் இருப்பது ஸில்ஜியன் இல்லை. அதன் ஓரம் கிழிந்து கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது.) வெள்ளைக்காரன் அந்த பேண்டை இலங்கைக்குப் படையோடு கொண்டுவந்தான். 1881இல் றோயல் கல்லூரியில் மாணவர் படையணி தொடங்கியது, பாடசாலைக்குள் இராணுவ அணிநடை அந்த வழியாகத்தான் நுழைந்தது. ஆக, இஸ்தான்புல்லிலிருந்து லண்டன் போய் கொட்டாஞ்சேனைக்கு வந்த சாமான் அது. சொந்தக்காரன் யார் என்று சண்டை பிடிப்பதென்றால் எங்கள் பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

நம் ஊர்களில் பள்ளிவாசலில் தொழுகை நேரத்துக்கு நகரா அடித்த காலம் எங்கள் மூத்தம்மாமாருக்கு ஞாபகம் இருந்தது. கிழக்கு மாகாணத்தில் களிகம்பு இன்னும் இருக்கிறது. ஜெய்லானியில் பாவாமார் றபானோடுதான் போகிறார்கள். சிங்கள சினிமாவில் பாடி, பௌத்த பக்திப் பாடல்களுக்கே குரலாகிப்போன மொஹிதீன் பேக் ஒரு முஸ்லிம். இதெல்லாம் சரியா பிழையா என்று தனியாக விவாதியுங்கள். ஆனால் "நமக்குச் சம்பந்தமே இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒருவர் தோல் ஹலாலா என்றுகூடக் கேட்டார். சிரிப்பு வந்தது. அது தோலே இல்லை, பிளாஸ்டிக். 1950களின் கடைசியிலிருந்தே ட்ரமுக்குப் பெரும்பாலும் பொலியெஸ்டர் படலம்தான்.

2019 மே மாதத்தை இந்த இடத்தில் சொல்லாமல் போக முடியவில்லை. பாடசாலைகள் திரும்பத் திறந்தபோது வாசலில் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். ட்ரம் உறையோடு வந்த பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தனியாக ஒதுக்கி நிறுத்தினார்கள். பெயரைக் கேட்டார்கள், பிறகு இரண்டாவது தடவையும் கேட்டார்கள். ட்ரமைத் திருப்பி, குலுக்கி, கீழ்ப்பக்கக் கம்பிகள் என்ன என்று விசாரித்தார்கள். அவன் அடித்துக் காட்டினான். அந்த வாரம் பேண்டில் இருந்த கத்தோலிக்கப் பிள்ளைகள் இரண்டு பேருடைய வீட்டில் மரணம் நடந்திருந்தது. அவர்கள் திரும்பி வந்த நாள் யாரும் எதுவும் பேசவில்லை. பேண்ட் மாஸ்டர் வழமையான மார்ச் ஒன்றைத் தொடங்கச் சொன்னார், எல்லாரும் அடித்தார்கள். அந்த அறையில் அன்றைக்கு நடந்ததை எந்த அமைச்சும் எந்த அரச சார்பற்ற நிறுவனமும் காசு கொடுத்து நடத்த முடியாது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான் இந்த வருடம் நேரமில்லை என்று அனுப்பப்பட்டவன்.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் மோசம். ஆண் பிள்ளைக்காவது கடைசி நிகழ்ச்சி என்று ஒன்று வைத்து, அது பறிபோனது என்று கோபப்பட முடிகிறது. பெண் பிள்ளைகள் ஒன்பதாம், பத்தாம் தரத்தில் ஒரு திங்கட்கிழமை பயிற்சிக்கு வரமாட்டார்கள். அவ்வளவுதான். கேட்டால் "வீட்டில் வேண்டாமாம் மிஸ்" என்று நிலத்தைப் பார்ப்பார்கள். எது தங்கள் கடைசி நாள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறக்குமதிக் கட்டுப்பாடும் டொலர் விலையும் வந்த பிறகு ஒரு ட்ரம் ஹெட் மாற்றுவதற்கே நாங்கள் ஆசிரியர்களுக்குள் சேர்த்துக் கொடுக்கிறோம். பேண்ட் மாஸ்டருக்கு மாதக் கொடுப்பனவு மூன்று மாதம் பிந்தும். அதே போட்டிக்கு அலங்காரக் கூடாரத்துக்கும், அதிதிகளின் நினைவுச் சின்னத்துக்கும், அவர்களுடைய சிற்றுண்டிப் பெட்டிக்கும் எவ்வளவு போனது என்று கணக்கு அறிக்கையில் பார்த்தோம். அந்தத் தொகையில் சைட் ட்ரம் அணி முழுவதற்கும் ஹெட் மாற்றி, மிச்சத்தில் பிள்ளைகளின் காதுக்கு அடைப்பானும் வாங்கலாம். பத்து ட்ரம் நடுவில் வருடக்கணக்கில் நிற்கிற பிள்ளையின் காது என்னவாகும் என்று யோசிப்பவர்கள் குறைவு.

எனவே நாங்கள் கேட்பது இதுதான். ஏப்ரல் விடுமுறைக்கு முன் நடக்கும் ஆசிரியர் கூட்டத்தில் எழுத்தில் கொடுக்கவும் போகிறோம், கையொப்பம் போட இதுவரை பதினொரு பேர் இருக்கிறோம். அதிதி பிந்தினால் நிகழ்ச்சி அவர் இல்லாமல் தொடங்க வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு மேல் பிள்ளைகள் வெயிலில் நிற்கக் கூடாது. பேண்ட் காட்சி நிரலில் முதலாவதாக இருக்க வேண்டும், உரைகளுக்குப் பிறகு அல்ல. நேரம் போதவில்லை என்றால் உரையை வெட்டுங்கள், பேசுகிறவருக்கு அடுத்த வாரமும் மேடை கிடைக்கும். விலகுகிற பேண்ட் பிள்ளைகளின் பெயர்கள் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட வேண்டும். பெற்றோரே, உங்கள் பிள்ளை பேண்டில் இருந்தால் நீங்களும் அதிபரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டால் 'பிரச்சினைக்காரர்' என்று கோப்பில் விழும், நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பழைய மாணவர்களே, அடுத்த வருடம் கூடாரம் வேண்டாம், ட்ரம் ஹெட் பதினான்கு அங்குலத்தில் எட்டு வாங்கித் தாருங்கள்.

அந்தக் கொப்பியை அவன் பத்தாம் தரப் பிள்ளை ஒருவனிடம் கொடுத்துவிட்டான். வ-இ-வ-வ எழுதிய பக்கங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நோன்பு முடிந்து பயிற்சி தொடங்கும்போது அறைத் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.